முதல் பிஸ்டல் எது?

துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஆசை வந்த ஆவடி, அம்பத்தூர்வாசிகள் ஏர் பிஸ்டலில் தொடங்குவதே சரி. ஆயுத விதிகள் 2016-ன்படி 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. தோட்டா பிஸ்டல் என்றால் பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், தக்க காரணம் காட்ட வேண்டும், ஆவடி போலீஸ் கமிஷனரேட்டின் விசாரணையும் உண்டு. ‘ஏர் பிஸ்டல் பொம்மைதானே’ என்று இளக்காரமாகச் சொல்பவர்களுக்கு: மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான்.

உரிமம் வேண்டாம் என்பதால் மொட்டைமாடியில் சுடலாம் என்று அர்த்தமில்லை. ஈயக்குண்டு கண்ணைப் பறித்துவிடும். அதனால் முதலில் கிளப்பில் சேர்ந்து, அங்குள்ள பிஸ்டலில் சில மாதம் பழகுங்கள். கைப்பிடி உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்பது அப்போதுதான் தெரியும். இடக்கைக்காரர்களுக்குக் கைப்பிடியே வேறு. பழையது வாங்கினால், விலை பேசுமுன் காற்று சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் போட்டிக்கும் ஆகாது, பாதுகாப்பும் இல்லை. வீட்டில் பூட்டியே வையுங்கள். ஈயக்குண்டைத் தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்காதீர்கள்.