மீந்த குழம்பு நாய்க்கு ஆகுமா?

கேள்வி: வீட்டில் மீந்த கறிச்சோறுதான் எங்கள் நாய்க்கு. அடிக்கடி வயிற்றால் போகிறது. தோட்டத்து நாய்கள் இதைத்தானே தின்று வளர்ந்தன?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வளர்ந்தன அம்மா. வளராமல் செத்த குட்டிகளை யாரும் கணக்கில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

சோற்றால் பெரிய கெடுதல் இல்லை, குழம்பால்தான். வெங்காயமும் பூண்டும் வெந்த பிறகும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கெட்டித் தேங்காய்ப்பாலின் கொழுப்பு கணையத்தை வீங்க வைக்கலாம். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். தாளிக்கும் முன்பே கொஞ்சம் கோழிச் சதையை எடுத்து, உப்பில்லாமல் அவித்து, சோற்றோடு பிசைந்து வையுங்கள். வயிறு தேறியதும் நாய்த் தீவனத்துக்கு மாற்றலாம். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டுங்கள்.

வயிற்றால் போவதற்கு உணவு மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு அதிகம் கவலை தருவது கொக்கிப்புழு. உங்கள் பேராக்கின் ஈர மண் அதற்கு வெகு வசதி. வாய் வழியாக மட்டுமல்ல, பாதத் தோலைத் துளைத்தும் ஏறும். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளையும் விடாது. நாயின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் புழு இரத்தம் குடிக்கிறதோ என்று சந்தேகப்படலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுங்கள், மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, அதுவும் தடுப்பூசி போடாத குட்டிக்கு என்றால் பார்வோ கிருமியாக இருக்கலாம். நாம் போடும் மாத்திரையைக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே ஈப்போவுக்காவது தூக்கிச் சென்று கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.