சொல்லாமல் விட்டவை

திரைப்படத்தில் மர்மம் என்றதும் கொலையும் துப்பறிதலும் நம் நினைவுக்கு வருகின்றன. அம்மர்மம் விடை கிடைத்ததும் தீர்ந்துவிடும்; தீராத மர்மமும் உண்டு.

சத்யஜித் ராய் இயக்கிய வங்கமொழிப் படம் 'பதேர் பாஞ்சாலி' (1955). நெடுநாள் கழித்து வீடு திரும்பும் ஹரிஹர், மகள் துர்கா இறந்ததை அறியாமல், அவளுக்கென வாங்கிய சேலையை மனைவி சர்பஜயாவிடம் தருகிறார். தாய் கதறுகிறாள், அவள் குரலோ நமக்குக் கேட்பதில்லை. அதற்கு மாறாகத் தார்ஷெனாய் என்னும் நரம்பிசைக்கருவி உச்சத்தில் ஒலிக்கிறது. கேளாத அக்குரலைக் காண்போர் தம் நெஞ்சிலிருந்தே நிரப்பிக்கொள்கின்றனர்.

இதனினும் நுட்பமானது இறுதிப்பகுதி. துர்கா திருடியதாகப் பழி சுமத்தப்பட்டு, அவள் மறுத்த மணிமாலை, குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் வேளையில் தம்பி அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் எவரிடமும் சொல்லாமல் அதைக் குளத்தில் எறிகிறான். நீர்ப்பாசி விலகுகிறது, பின் மெல்ல மூடிக்கொள்கிறது. உரையாடல் ஏதுமில்லை. அக்காளைக் காத்தானா, அவளது மறைவை அப்போதுதான் முழுதாக உணர்ந்தானா? இயக்குநர் விளக்கவில்லை. ஒரு வசனம் சேர்த்திருந்தாலும் காட்சி சிறுத்திருக்கும்.

இப்படத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டினால், பாசி மூடும் அந்தச் சில நொடிகளில் உங்கள் மனம் எதை எண்ணுகிறது எனக் கவனித்து எழுதுக.