நீச்சலுக்குப் பிறகுதான் போர்டு

“நீச்சல் தெரியலைன்னா பரவாயில்லைங்க மேடம், லீஷ் இருக்கு, இடுப்பளவு தண்ணிதான்.” கிழக்குக் கடற்கரைச் சாலையில் சர்ஃபிங் கற்றுத்தரும் எந்த இடத்தில் இந்தப் பேச்சு காதில் விழுந்தாலும், கட்டிய பணம் போனால் போகட்டும் என்று பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். லீஷ் என்பது போர்டைக் கணுக்காலோடு இணைக்கும் கயிறு. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு பேச்சுக்காகத்தான். போர்டு, வாக்ஸ், பருவம் பற்றியெல்லாம் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீடு படாளத்தில். என் கணவருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை, நான் பள்ளி ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்றுதான் கையில் இருக்கும். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். விடியுமுன் கிளம்பி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வண்டியை விட்டால் வெயில் ஏறுவதற்குள் கடற்கரையில் இருக்கலாம். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டி நடந்தது. இந்தியாவில் அந்த லீக்கின் போட்டி நடந்தது அதுதான் முதல் தடவை. வேடிக்கை பார்க்கப் போனோம். வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே நம்மூர்க் குப்பத்துப் பையன்கள் அலை ஏறியதைப் பார்த்த என் மகளுக்கு, வரும் வழியெல்லாம் அதே பேச்சு. அவள் அப்போது ஏழாம் வகுப்பு.

வீட்டில் சம்மதம் வாங்கியது தனிக் கதை. “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அண்ணி கடலு? கறுத்துப்போயிடுவா” என்றார் என் நாத்தனார். ஸ்கேட்போர்டும் சர்ஃபிங்கும் பழகிய மாமல்லபுரம் மீனவக் குடும்பத்துப் பெண் கமலியைப் பற்றி எடுத்த ஆவணப்படம் பாஃப்டா விருதுப் பரிந்துரை வரை போனதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அந்தப் பெண்ணின் அம்மா மீன் விற்றுப் பிள்ளையை வளர்த்தவர். அவருக்கு இருந்த தைரியம் மாதச் சம்பளம் வாங்கும் எனக்கு இருக்கக் கூடாதா என்று கேட்டேன். இன்றைக்கும் அதையேதான் கேட்பேன்.

மறு வருஷம் ஆனி மாதத்தில் மகளை ஓர் இடத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். விளம்பரம் நன்றாக இருந்தது, படங்களும் அழகு. பிள்ளைக்கு நீச்சல் தெரியாது என்று போனிலும் சொன்னேன், நேரில் போனபோதும் சொன்னேன், படிவத்திலும் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் வந்த பதில்தான் முதலில் எழுதியிருப்பது.

அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். அந்தக் கரையில் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருக்கும். கல்லுக்கு வடக்கே அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கறுப்பாக, சமர்த்தாகத் தெரியும். புதுசாக வருபவர்களுக்கு அங்கே இறங்கத்தான் ஆசை வரும், சொல்லிக் கொடுத்த பையனும் பிள்ளைகளை அங்கேதான் நகர்த்தினான். அலை கரைக்குத் தள்ளிய தண்ணீர் எங்காவது ஓரிடத்தில் திரும்பிப் போயாக வேண்டும். அது திரும்பிப் போகிற வாய்க்கால்தான் அந்த அமைதியான இடம். அந்த இழுப்பு வேகம் பிடித்தால் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் நீச்சல்காரரே அதை எதிர்த்து நீந்திக் கரைக்கு வர முடியாது.

என் மகள் ஒரு அலையில் விழுந்தாள். கணுக்காலில் சுற்றியிருந்த லீஷின் வெல்க்ரோ பட்டை, முள் தேய்ந்து பஞ்சு பஞ்சாக இருந்தது. நான் பிறகு கையில் எடுத்துப் பார்த்தேன். பட்டை பிய்ந்து, போர்டு தனியாகக் கல்லில் போய் மோதியது. அவள் அந்தக் கறுப்புத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்த பையன் இன்னொரு பிள்ளையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சுடிதாரோடு இறங்கினேன். கிணற்றில் நீந்தி வளர்ந்தவள் நான். அப்பா முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிட்டவர். அந்த நீச்சல் அவள் சட்டையை எட்டிப் பிடிப்பது வரைதான் உதவியது. அதன்பின் கரையைப் பார்த்து எவ்வளவு கை போட்டாலும் கரை கிட்டே வரவில்லை.

கல்லின் மேல் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கத்தினார்: “கரையப் பாத்து அடிக்காதம்மா! கல்ல வுட்டு வடக்கால போ! வடக்கால!” மூச்சு வாங்கிக்கொண்டே வடக்கே திரும்பினேன். இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. அதற்குள் அவரும் குதித்து வந்து பிள்ளையின் கழுத்தை மேலே தூக்கிப் பிடித்தார். அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் அலையே எங்களைக் கரைக்குத் தள்ளியது. “இன்னிக்குத் தெண்டி ஓடுதும்மா. கல்லாண்ட எறங்கக் கூடாது, அதச் சொல்லலியா ஒனக்கு?” என்றார். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி. வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. கரையில் நிற்கிற எந்தப் பெரியவரைக் கேட்டாலும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். பணம் வாங்கிக்கொண்டு கடலில் இறக்கியவர்கள் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

கரைக்கு வந்ததும் பிள்ளை உட்கார்ந்து பேசினாள். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளாமல் நேரே செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கடல்நீர் நுரையீரலுக்குள் கொஞ்சம் போயிருந்தாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறல் வரலாம். இருமல் நிற்கவில்லை என்றால், சோர்ந்து சோர்ந்து தூங்கினால், யார் என்ன சொன்னாலும் மருத்துவர் கண்காணிப்பில் வைத்திருங்கள். என் மகளை ராத்திரி முழுக்க அங்கே வைத்திருந்து மறுநாள்தான் அனுப்பினார்கள்.

மறுநாள் அந்த இடத்திலிருந்து போன் வந்தது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கத்தான் என்று நினைத்து எடுத்தேன். கல்லில் மோதி உடைந்த போர்டுக்குக் காசு கேட்டார்கள். கொடுத்தேன், ரசீதும் வாங்கினேன். அந்த ரசீது பத்திரமாக இருக்கிறது.

லீஷைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். 1970 வாக்கில் கலிஃபோர்னியாவில் இது புழக்கத்துக்கு வந்ததே போர்டு தொலையாமல் இருக்கத்தான். ரப்பர் குழாய் மாதிரி இழுபடும் பொருளில் செய்த அந்தக் காலத்து லீஷ், போர்டைத் திரும்ப அடித்துவிட்டுப் பலருக்குக் காயம். சர்ஃப் உடைகளுக்குப் பேர்போன ஜாக் ஓ’நீல் ஒரு கண்ணை இழந்ததும் 1971-ல் அப்படித்தான். இப்போது வரும் லீஷ் அவ்வளவு இழுபடாது. ஆனால் உப்பும் வெயிலும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். உங்கள் லீஷின் நீளம் போர்டின் நீளத்தளவு இருக்கவேண்டும். கயிற்றை விரலால் உருவிப் பாருங்கள், நகம் சிக்குகிற கீறல் ஒன்று இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். சுழலி இரண்டு முனையிலும் சுற்றவேண்டும். வெல்க்ரோவை ஒட்டிவிட்டு முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள். வாடகைக்கு எடுக்கிற கடையில் இதைச் செய்தால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

என் மகள் அதற்குப் பிறகு வெகுநாள் கடல் பக்கமே வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய நஷ்டம். அதிலிருந்து அவளை மீட்டது கிணறு. எங்கள் உறவுக்காரர் தோட்டத்துப் பம்புசெட் கிணற்றில் மிதக்கக் கற்றுக்கொடுத்தேன். பிறகு நீச்சல்குளத்தில் முறையாக. பிறகு கடலில், போர்டு இல்லாமல், அலை உடைகிற இடம் வரை போய் வருவது. அலைக்கு அடியில் முங்குவது, மல்லாந்து மிதந்துகொண்டு மூச்சு வாங்குவது, இழுப்பு பிடித்தால் பதறாமல் பக்கவாட்டில் விலகுவது. போர்டு காணாமல் போனாலும் தானே திரும்பி வரமுடியும் என்று அவளுக்கே நம்பிக்கை வந்த பிறகுதான் மறுபடி போர்டைத் தொட்டாள். நீங்களும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். கிணறு இல்லாத ஊர் நம் பக்கத்தில் கிடையாது.

இரண்டாவது முறை ஆசிரியரைத் தேடும்போது விளம்பரம் பார்க்கவில்லை. கடலோரக் குப்பத்திலேயே பிறந்து வளர்ந்து, சர்ஃபிங் கூட்டமைப்பு வழியாகச் சான்றிதழும் வாங்கியவரைத் தேடினேன். இது கோவளத்தில் மூர்த்தி மேகவன் காட்டிய வழி. மீனவரான அவர், தொழிலதிபர் அருண் வாசுவின் துணையோடு 2012-ல் ஆரம்பித்த பள்ளியிலிருந்து வந்தவர்கள் இன்று இந்தக் கரை முழுக்க இருக்கிறார்கள். இந்தியாவில் இந்த விளையாட்டுக்கு முதலில் பேர் வாங்கித் தந்தது கர்நாடகத்து முல்கி ஆசிரமம், அதை மறுக்கவில்லை. ஆனால் நம் கரையில் கடலைப் படிக்கக் கற்றவர்கள் மீன்பிடிக் குடும்பத்தார்தான். எங்கள் புது ஆசிரியர் முதல் நாள் பிள்ளையைத் தண்ணீரிலேயே இறக்கவில்லை. மணலில் உட்காரவைத்து, எது எங்கே உடைகிறது, நுரை எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த இடம் உடையாமல் இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். அவள் சரியாகச் சொல்லும்வரை எழுந்திருக்க விடவில்லை. பணம் கொடுத்துவிட்டுக் கரையில் காத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் மனசு ஆறியது.

போர்டில் எழுந்து நிற்பது, விழுவது எல்லாம் அவர்களே கற்றுத்தருவார்கள். தலைகீழாகப் பாயாமல் தட்டையாக விழவேண்டும், மேலே வரும்போது கைகள் தலையை மூடியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

போர்டு விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஆரம்பத்தில் எட்டு அடிக்குக் குறையாத, மேற்பரப்பு மெத்தென்ற சாஃப்ட் டாப் போர்டு வாடகைக்கு எடுத்தால் போதும்; குழந்தைக்குக் கொஞ்சம் சின்னது. பளபளவென்று இருக்கும் குட்டி ஃபைபர் போர்டை அலுவலக நண்பர் பேச்சைக் கேட்டு வாங்கிவந்து பரணில் போட்டவர்களை எனக்குத் தெரியும். எங்களுக்கு வேறு ஒரு நஷ்டம். பழைய எப்பாக்ஸி போர்டு ஒன்றை வாங்கினோம். விளிம்பில் சின்ன விரிசல். படகு சரிசெய்யும் இடத்தில் கொடுத்தால் போயிற்று என்று, ஃபைபர் படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினைப் பூசக் கொடுத்தார் என் கணவர். உள்ளே இருந்த வெள்ளைத் தெர்மோகோல், தண்ணீர் பட்ட சர்க்கரைக் கட்டியாகக் கண்முன்னே அமிழ்ந்துபோனது. அந்த வகை நுரைக்கு எப்பாக்ஸி ரெசின் மட்டும்தான். பாலியூரித்தேன் நுரை போர்டாக இருந்தால் படகு ரெசின் ஒன்றும் செய்யாது. எந்த நுரை என்று தெரியாமல் எந்தப் பட்டறையிலும் கொடுக்காதீர்கள். கால் வழுக்காமல் போர்டில் பூசும் வாக்ஸ் வாங்கும்போது வெப்பமண்டலத்துக்கானதா என்று கேட்டு வாங்குங்கள், குளிர்நாட்டு வாக்ஸ் நம் வெயிலில் வழிந்துவிடும். வண்டியில் வெயிலில் போர்டை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

உடைக்கு ராஷ் கார்டு எனும் உடம்போடு ஒட்டிய மேல்சட்டையும் கால் முழுக்க மூடும் லெக்கிங்ஸும் போதும். துப்பட்டா, தளர்ந்த சுடிதார் எதுவும் கூடாது. அன்றைக்கு என் காலைச் சுற்றியது என் சுடிதார்தான். பெண்பிள்ளையைக் கூட்டிப்போகிறவர்கள் உடை மாற்ற இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். 2021-ல் நீலக்கொடி சான்றிதழ் வாங்கிய கோவளத்தில் அது இருக்கிறது.

காலை ஒன்பதுக்குள் வேலையை முடித்துவிடுங்கள். கரையிலிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருக்கும்வரை அலை வழவழப்பாக நிற்கும். வெயில் ஏறிக் கடல்காற்று திரும்பியதும் எல்லாம் குழம்பிவிடும். தை முதல் பங்குனி வரை அலை சின்னதாக இருக்கும், கற்றுக்கொள்ள அதுவே நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் இருக்கும்போது பிள்ளையை இறக்குகிறோம் என்று யாராவது சொன்னால் சண்டை போடுங்கள்.

கரையில் உலரும் வலையின் மேல் போர்டை வைக்காதீர்கள், படகு இறக்கும் பாதையில் வண்டியை நிறுத்தாதீர்கள், கரைவலை இழுக்கும்போது அந்தப் பக்கம் நீந்தாதீர்கள். அங்கே பிழைப்பு நடக்கிறது. ஒரு வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினால், நீங்கள் கேட்காமலேயே தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். வலை சிக்கெடுத்த பெரியவரைத் தேடி மறுபடி போனோம். பணம் வாங்க மறுத்துவிட்டார். பொங்கலுக்கு வீட்டில் விளைந்த அரிசி கொண்டுபோனால் மட்டும் வாங்கிக்கொள்கிறார்.

2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்தபோது மகளோடு போனேன். ஆண்கள் பிரிவில் ரமேஷ் பூதிஹால் வெண்கலம் வாங்கினார். நாத்தனாரும் கூட வந்திருந்தார், தன் மகளோடு. அந்தப் பெண்ணையும் சேர்க்கப்போவதாகச் சொன்னார். முதலில் கிணற்றுக்கு அனுப்புங்கள் என்றேன். கோபித்துக்கொண்டார்.

பிள்ளையை முதலில் சேர்த்த அந்த இடத்துக்கு எல்லாவற்றையும் எழுதி, ரசீதின் நகலும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள், பதில் இல்லை. போன மாதம் அந்த வழியாகப் போனோம். ‘நீச்சல் தெரிய வேண்டியதில்லை’ என்ற பலகை, புதுப் பெயின்ட் அடித்து, வாசலிலேயே நிற்கிறது. இன்னொரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு நகல் போகிறது.