ஒரு சிற்பமும் ஒரு கட்டுரையும்

கேள்வி: பள்ளியில் படிக்கும் என் மகள் சரித்திரம், கலை, இலக்கியம் மூன்றையும் தழுவி ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். எதை எழுதச் சொல்லலாம்?
– ஒரு வாசகர், செந்துறை

பதில்: தங்கள் மாவட்டத்திலேயே விஷயம் இருக்கிறது. முதலாம் இராஜேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் எடுப்பித்த ஆலயத்தின் வடபுற வாயிலருகே, பார்வதி சமேதராய் வீற்றிருக்கும் பரமசிவன், காலடியில் கைகூப்பிப் பணிந்த சண்டேசரின் சிரத்தில் மாலையைச் சுற்றியருளும் அந்த ஒரு சிற்பத்தின் முன்னே தங்கள் குமாரி அரைமணி நேரம் நின்று, தன் கண்ணுக்குப் புலப்பட்டதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு பெரியபுராணத்தில் சண்டேசர் சரிதத்தைப் படிக்கட்டும். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டினர். சிற்பமோ அவருக்கு ஏறக்குறைய நூறாண்டு முற்பட்டது. ஆகவே சிற்பி பெரியபுராணத்தைப் பார்த்துச் செதுக்கினான் என்று எழுதிவிடலாகாது. (வழிகாட்டி நூல்களை நம்பும் பிள்ளைகள் வழுக்கி விழுவது இத்தகைய இடங்களில்தான்.) மாலை சூட்டப்பெறுபவர் இராஜேந்திரனே எனக் குறிப்பாகக் கொள்வோரும் உளர், அதனை ஏற்பதா மறுப்பதா என்று, காரணங்காட்டி, அவளே தீர்மானிக்கட்டும். இடம் மிஞ்சினால், 1836-இல் கொள்ளிடத்தின் கீழணைக்காக இவ்வாலயத்து மதிற்கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்ட செய்தியையும் சேர்க்கலாம். யுனெஸ்கோ அங்கீகாரம் கிட்டிய 2004-ஆம் ஆண்டுக்கு ஒரு வரி தாராளம்.