நொண்டும் நாய்க்குச் செய்யவேண்டுவன

குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வருமுன், தஞ்சை ஜில்லா வயல்கள் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். உளுந்து எடுத்த நிலத்தில் காய்ந்த தாள்முனைகள் ஊசிபோல் நிற்கும். வாய்க்கால் கரைகளில் கருவேல முள் சிதறியிருக்கும். குடியானவனுடன் வரப்பில் ஓடும் நாய் திடீரென்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வருவது இக்காலத்தில் சாதாரணம். உடனே காலைப் பிடித்து இழுத்து உருவுவதும், நாள்பட்டால் சூடு போடுவதும் சிலரது வழக்கம். இவ்விரண்டும் தீங்கானவை. காரணத்தை அறிந்த பிறகே கை வைக்கவேண்டும்.

முதலில் நாயைத் தொடாமல், சற்றுத் தூரத்தினின்று நடையைக் கவனிக்க. முன்னங்காலில் வலியிருந்தால், அக்கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். ஆனால் வலியினால் நொண்டுவது வேறு. வலுவிழந்து பின்கால்கள் தள்ளாடுவது வேறு. குரல் மாறி, கீழ்த்தாடை தொங்கி, வாயில் நீர் வடியத் தள்ளாடும் நாய்க்கு வெறிநோய் கண்டிருக்கலாம். வெறிநாய் என்றால் ஓடிவந்து கடிப்பதுதான் என்று பலர் எண்ணுகின்றனர். கடிக்காமல் மூலையில் முடங்கி, கால்கள் விழுந்து சாகும் வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியதென்று கருதி அதன் வாயில் கைவிடுவது பேராபத்து. அத்தகைய நாயைத் தொடாமல் தனியே அடைத்து, கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்கவேண்டும்.

அதன் எச்சில் கீறலில் பட்டுவிட்டால், ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றே ஊசி போட்டுக்கொள்வது அவசியம். குன்னூரில் 1907-ல் பாஸ்டர் நிலையம் ஏற்பட்ட காலம்போலத் தொலைதூரம் ரயிலேறிச் செல்லவேண்டியதில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலேயே ஊசி போடப்படுகிறது. வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று அஞ்சித் தாமதிப்போர் இன்னும் உளர். அம்முறை ஒழிந்து பல ஆண்டுகளாயின. இப்பொழுது கையில் நான்கைந்து தடவைகளே.

இவ்வித ஐயம் இல்லையெனில் நாயைச் சோதிக்கலாம். வலியுள்ள நாய் எஜமானையும் கடிக்கும். எனவே துணி நாடாவை மூக்கின்மேல் சுற்றி, மோவாயின்கீழ் மாற்றி, காதுகளுக்குப் பின்னே முடிச்சிடுக. வாந்தியோ மூச்சுத் திணறலோ உள்ள நாய்க்கு வாயைக் கட்டலாகாது. பிறகு உள்ளங்கால் மெத்தைகளையும் விரலிடுக்குகளையும் விரித்துப் பார்க்கவேண்டும். முள், கண்ணாடிச் சில்லு, உண்ணி, பிளந்த நகம் ஆகியவற்றில் ஒன்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எலிக்கு மூங்கிற் கிட்டி வைத்த வயலில் அலைந்த நாய்க்கு விரல் நசுங்கியிருத்தலும் கூடும். முள்ளை எடுத்தபின், கொதித்தாறிய அரை லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பிட்டுக் கழுவி, நாய் நக்காதவாறு சுத்தமான துணியால் இலேசாகக் கட்டுக. மண்ணெண்ணெயும் சுண்ணாம்பும் புண்ணை வேகச்செய்யும்.

வீட்டிலுள்ள தலைவலி, மூட்டுவலி மாத்திரைகளைக் கொடுத்தல் கூடாது. இபுப்ரோபென், டைக்ளோபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். மனிதனுக்கு இதமானது நாய்க்கு விஷமாகலாம்.

கால் திடீரென வீங்கி இரத்தம் கசிந்தால் கண்ணாடி விரியன் தீண்டியிருக்கலாம். கீறவோ இறுகக் கட்டவோ வேண்டாம். நாழிகை போக்காமல் வைத்தியரிடம் எடுத்துச் செல்க. எலும்பு முறிந்த நாயைப் பலகையிலோ கோணிச் சாக்கிலோ கிடத்திக் கொண்டுபோகவேண்டும். சிறு நொண்டலானால் கட்டிவைத்து ஓய்வு கொடுத்து, இரண்டு நாளில் குணமாகாவிடில் காட்டலாம். ஜில்லாவில் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியும், ஊர்ப்புறக் கால்நடை மருந்தகங்களும் உள்ளன. அவசரத்திற்கு 1962 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.