புனேவில் வேலை, கோவையில் வண்டி

கோவையிலிருந்து புனேவுக்கு வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "வண்டியை ரயிலில் எப்படி அனுப்புவது?" என்பதுதான். அது அரை நாளில் முடிகிற வேலை. ஆளைப் படுத்தி எடுப்பது காகிதம். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது, புனேவில் உங்களுக்கு எந்த ஆர்.டி.ஓ., ஊரில் கட்டிய வரி என்ன ஆகும் என்ற மூன்றையும் யோசிக்காமல் கிளம்பிவிட்டு, ஒரு வருடம் கழித்து லீவு போட்டுக்கொண்டு இரண்டு ஊருக்கும் அலைகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

எந்த வண்டியை எடுத்துப்போவது?

பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி என்றால் ஊரிலேயே விற்றுவிடுங்கள். அனுப்பும் செலவு, மறுபதிவு, அங்கே கட்டும் வரி எல்லாம் சேர்ந்தால் வண்டியின் விலைக்கே பக்கத்தில் வந்துவிடும். வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஊரில் புது வண்டி எடுப்பதும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் இருசக்கர வாகனங்களுக்கான ஆயுள் வரியை உயர்த்தினார்கள். ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள வண்டிக்கு 10 சதவிகிதம், அதற்கு மேல் 12 சதவிகிதம். இங்கே அதைக் கட்டிவிட்டு மகாராஷ்டிரத்தில் மறுபடி கட்டுவானேன்? புதுசு வேண்டுமென்றால் புனேவில் எடுங்கள். நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் வைத்திருக்கும் கம்பெனி என்றால், 2021-இல் வந்த பி.எச். வரிசை எண்ணுக்கு நீங்கள் தகுதியானவர். எச்.ஆரிடம் படிவம் 60 கேட்டு வாங்குங்கள். வரியை இரண்டிரண்டு வருடமாகக் கட்டலாம், அடுத்த மாற்றலில் மறுபதிவுத் தொல்லையும் இல்லை.

நாலைந்து வருடம் ஓடிய நல்ல வண்டி என்றால் கட்டாயம் எடுத்துப்போங்கள். ஓட்டிக்கொண்டே போகலாமா என்றால், வேண்டாம். பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர் வழியாகச் சுமார் 1,200 கிலோமீட்டர். வேலையில் சேருகிற வாரத்தில் அந்த அலுப்பு எதற்கு?

அப்பா பெயரில் இருக்கும் வண்டி

நம் வீடுகளில் பல வண்டிகள் அப்பா பெயரில்தான் இருக்கும். ஊருக்குள் ஓட்டும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். புனேவில் மறுபதிவுக்குப் போனால் உரிமையாளரின் புனே முகவரிக்குச் சான்று கேட்பார்கள். கோவையில் இருக்கும் அப்பாவுக்கு ஏது புனே முகவரி? அதனால் கிளம்பும் முன்பே படிவம் 29, 30 கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய 14 நாட்களுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிட வேண்டும். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே நிற்கிறதா? படிவம் 35 வாங்கி நீக்குங்கள். நிலுவையில் உள்ள அபராதச் சலான்களைக் கட்டித் தீர்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் உரிமம் நாடு முழுக்கச் செல்லும். அதற்காக அலைய வேண்டாம்.

ரயிலில் ஏற்றுவது

முதலில் நீங்கள் போங்கள், வீடு அமைந்த பிறகு வண்டி வரட்டும். முதல் மாதத்துக்குக் கம்பெனி பஸ்ஸும் டவுன் பஸ்ஸும் போதும். நீங்கள் போகிற ரயிலிலேயே டிக்கெட்டைக் காட்டி லக்கேஜாகவும் வண்டியை ஏற்றலாம். ஆனால் தங்க இடம் முடிவாகாதபோது பெட்டிகளோடு வண்டியையும் கட்டிக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பது கஷ்டம். பார்சலாக அனுப்ப நீங்கள் கூட இருக்க வேண்டியதில்லை. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், அடையாள அட்டை நகல்களோடு ஊரில் இருக்கும் உங்கள் தம்பியோ வேறு யாரோ போய் புக் செய்துவிடலாம்.

நேரடி ரயிலில் மட்டும் போடுங்கள். கோவை வழியாக வரும் கன்னியாகுமரி - புனே எக்ஸ்பிரஸ் புனேவிலேயே முடிகிறது, அதனால் அவசரமில்லாமல் இறக்குவார்கள். நடுவில் ரயில் மாறும் பார்சல் எந்தப் பிளாட்பாரத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக் கூடாது. 'ரிசர்வில்தான் இருக்கிறது' என்பது காலி ஆகாது. எஃப்.ஐ. வண்டிகளில் பெட்ரோலை வடிப்பது வீட்டில் செய்யும் வேலையல்ல, முந்தின நாளே மெக்கானிக்கிடம் விடுங்கள். கண்ணாடிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டேங்க், ஹெட்லைட், இண்டிகேட்டர், சைலன்சர் நான்குக்கும் அட்டையும் சாக்கும் நன்றாகச் சுற்றியிருக்கிறதா என்று கட்டுகிறவர் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பெயர், போன் நம்பர், புறப்படும் ஊர், சேரும் ஊர் நான்கையும் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி இரண்டு இடத்தில் கட்ட வேண்டும். படிவத்தில் வண்டியின் மதிப்பை எழுதுங்கள். எழுதாவிட்டால், சேதமானால் எடைக் கணக்கில்தான் நஷ்ட ஈடு. எழுதினால் அதற்குத் தனியாக ஒரு சதவிகிதக் கட்டணம் உண்டு, கட்டிவிடுங்கள்.

புக் செய்ததும் கொடுக்கும் ரசீதின் மூலப்பிரதியைக் காட்டித்தான் புனேவில் வண்டியை எடுக்க வேண்டும். வாட்ஸ்அப் படத்தை நம்பிப் போகாதீர்கள். தம்பி அன்றே கூரியரில் அனுப்பட்டும். வண்டியை எடுக்கும்போது அந்த ரசீதை அங்கே வாங்கிக்கொள்வார்கள். ஆகவே கொடுப்பதற்கு முன்பே இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை சீட்டுக்கு அடியில் ஆர்.சி.யோடு வையுங்கள். உங்கள் வண்டி எந்தத் தேதியில் மகாராஷ்டிரத்துக்குள் வந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்துப் போக்குவரத்து போலீஸ் நிறுத்தினால், பேச்சை வளர்க்காமல் அதை எடுத்து நீட்டினால் போதும். வண்டி வந்து சேர்ந்தும் எடுக்காமல் போட்டு வைத்தால் தினமும் கட்டணம் ஏறும்.

என்.ஓ.சி.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று, அதாவது என்.ஓ.சி., வாங்க வேண்டும். இதைக் கேள்விப்பட்டதும் சிலர் கிளம்பும் முன்பே வாங்கிவிடுகிறார்கள். அது தப்பு. வேலை பிடிக்காமல் மூன்றாம் மாதமே ஊருக்குத் திரும்பினால், அந்த என்.ஓ.சி.யை ரத்து செய்வது தனி அலைச்சல். இன்னும் சிலர் பதினோராம் மாதம்வரை சும்மா இருந்துவிட்டுப் பதறுகிறார்கள். என் கணக்கு எட்டாம் மாதம். அதற்குள் வேலை நிலைக்குமா, எந்தப் பகுதியில் குடியிருப்போம் என்பது தெளிவாகிவிடும்.

எந்தப் பகுதி என்பதுதான் முக்கியம். என்.ஓ.சி. ஒரு குறிப்பிட்ட ஆர்.டி.ஓ. பெயருக்குத்தான் வரும். புனே என்று பொதுவாக நாம் சொல்கிற ஊருக்குள்ளேயே எம்.எச். 12, எம்.எச். 14 என இரண்டு அலுவலகங்கள். வாகட், ஹிஞ்சவாடி, சாக்கன் பக்கம் குடியிருந்தால் பிம்ப்ரி-சிஞ்ச்வட் அலுவலகம், எம்.எச். 14. பானேர், ஹடப்சர், கராடி என்றால் புனே அலுவலகம், எம்.எச். 12. கணக்கு வீட்டு முகவரிக்குத்தான், அலுவலக முகவரிக்கு இல்லை. ஹிஞ்சவாடியில் வேலை செய்துகொண்டு பானேரில் குடியிருப்பவர் எம்.எச். 14 என்று எழுதிவிட்டால், திரும்பக் கோவையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முகவரிச் சான்று இன்னொரு முட்டுக்கட்டை. மகாராஷ்டிரத்தில் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். 'லீவ் அண்ட் லைசன்ஸ்' என்பார்கள். பி.ஜி. விடுதி ரசீது எடுபடாது. வீடு பார்க்கும்போதே பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள்.

படிவம் 28-இல் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் கேட்பார்கள். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்துப் பகுதியில் அந்த எண் பொறித்திருக்கும். துணியால் துடைத்து, மெல்லிய வெள்ளைத்தாளை அதன்மேல் அசையாமல் பிடித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் அப்படியே எழும்பி வரும். வண்டி கோவையில் இருக்கும்போதே நாலைந்து எடுத்து ஆர்.சி. நகலோடு தம்பியிடம் கொடுத்துவையுங்கள். பரிவாஹன் தளத்தில் விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் நீங்கள் புனேவிலிருந்தே முடித்துவிடலாம். உங்கள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு காகிதங்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தம்பி கொடுக்கலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டி.என். 37, 38, 66 என எந்த எண்ணோ, அந்த அலுவலகத்தில்தான் கொடுக்க வேண்டும். தவணை ஓடுகிற வண்டிக்கு ஃபைனான்ஸின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

என்.ஓ.சி. கைக்கு வந்ததும் படிவம் 27-ஐ நிரப்பி, அதில் குறிப்பிட்ட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து, வண்டியைக் காட்டி, வரி கட்ட வேண்டும். வண்டியின் விலை, வயது, சி.சி. பார்த்து வரி போடுவார்கள். அதனால் ஷோரூமில் வாங்கிய ஒரிஜினல் பில் இல்லாமல் போகாதீர்கள். புது எண் வந்ததும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியில் எண்ணை மாற்றுங்கள்.

பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நீங்கள் கட்டியது ஆயுள் வரி. வண்டி மாநிலத்தை விட்டுப் போன பிறகு மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். புது ஆர்.சி. நகல், என்.ஓ.சி. நகல், பழைய வரி ரசீது மூன்றையும் வைத்துக் கோவை ஆர்.டி.ஓ.வுக்கு எழுதுங்கள். அந்தப் பணம் தானாக வந்து சேராது, விண்ணப்பித்தால்தான் வரும்.