வெள்ளித்திரையில் குத்துச்சண்டை: உண்மை எவ்வளவு?

குத்துச்சண்டை என்றதும் நம் வானூர்ப் பகுதியில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது திரைப்படத்தில் கண்ட சண்டைதான். நேரில் ஒரு போட்டியைப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. ஆதலால் திரையில் காண்பதை அப்படியே நம்பி, நம்மில் சிலர் அவ்விளையாட்டை வியக்கிறோம், சிலர் அஞ்சுகிறோம். திரைப்படம் எந்த அளவுக்கு உண்மையைச் சொல்கிறது என்று ஆராய்வோம்.

படம் காட்டும் உண்மை

தமிழகத்தில் குத்துச்சண்டைக்குப் பெயர் பெற்ற இடம் வடசென்னை. அங்கே பயிற்சிக் குழுவைப் 'பரம்பரை' என்றும், பயிற்சியாளரை 'வாத்தியார்' என்றும் அழைத்தனர். 2021-ஆம் ஆண்டு பா. இரஞ்சித் இயக்கிய 'சார்பட்டா பரம்பரை' 1970-களின் அந்த உலகைக் காட்டுகிறது. பரம்பரைகளுக்கிடையே நிலவிய போட்டியும், வாத்தியாரிடம் சீடன் கொண்ட மதிப்பும், நெருக்கடி நிலைக் கால அரசியலும் அதில் இடம்பெறுகின்றன. 2016-இல் வெளிவந்த சுதா கொங்கராவின் 'இறுதிச்சுற்று' படத்தில் மீன் விற்கும் பெண்ணாக நடித்த ரித்திகா சிங், உண்மையிலேயே கிக்பாக்சிங் வீராங்கனை. எனவே அவர் நிற்கும் நிலையும் கால் வைக்கும் முறையும் இயல்பாக இருக்கின்றன. வறுமை, இடைவிடாத பயிற்சி, அதிகாரிகளின் தகாத நடத்தை ஆகியவற்றையும் அப்படம் மறைக்கவில்லை.

படம் மறைக்கும் உண்மை

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்" என்ற பழமொழி சண்டைக் காட்சிக்கு நன்றாகப் பொருந்தும். நடிகரின் முதுகுப்புறம் காமிராவை வைத்துப் படமெடுத்தால், முகத்துக்குச் சில அங்குலம் தள்ளிச் செல்லும் கை முகத்தில் பட்டதுபோலவே தெரியும். 'டமார்' என்னும் ஓசை பின்னர் சேர்க்கப்படுவது. புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், காற்றில் குத்துவது பயனற்றது என்ற பொருளில் குத்துச்சண்டையை உவமையாக்கியுள்ளார். திரைப்பட நடிகர்களோ பெரும்பாலும் காற்றில்தான் குத்துகிறார்கள்!

1976-இல் வந்த 'ராக்கி' என்னும் அமெரிக்கப் படத்தில் இரு வீரர்களும் தற்காப்பின்றிப் பதினைந்து சுற்றுகள் அடி வாங்குகிறார்கள். உண்மையில் இவ்விளையாட்டின் உயிர் தற்காப்பே. அடிபடாமல் அடிப்பவரே சிறந்த வீரர். ஒலிம்பிக் போட்டியில் மூன்று நிமிடம் வீதம் மூன்று சுற்றுகள் மட்டுமே உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் வென்றவருக்கு 10 புள்ளிகளும் தோற்றவருக்கு அதைவிடக் குறைவாகவும் நடுவர்கள் வழங்குவர். ஒருவரும் கீழே விழாமலே முடியும் போட்டிகள் ஏராளம். கைகளை முகத்தருகே உயர்த்தி மூன்று நிமிடம் அசையாமல் நின்று பார்த்தால், அந்தக் களைப்பு ஓரளவு நமக்கும் விளங்கும்.

ஆனால் உண்மையான ஆபத்தைத் திரைப்படம் குறைத்தே காட்டுகிறது. நூறு குத்து வாங்கிய கதாநாயகன் அடுத்த காட்சியிலேயே சிரிக்கிறான். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடியோ மூளையைத் தாக்கும். 1982-இல் தென்கொரிய வீரர் டுக் கூ கிம், உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது சுற்றில் வீழ்ந்து, சில நாட்களில் உயிரிழந்தார். அதன் பின்னரே பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைக்கப்படலாயின. தலைக்கவசம் காயங்களைக் குறைக்கும். மூளை அதிர்ச்சியை முற்றிலும் தடுக்காது.

பெண்களும் குத்துச்சண்டையும்

மணிப்பூரின் மேரி கோம் குத்துச்சண்டை கற்றதை அவர் தந்தை முதலில் விரும்பவில்லை. முகத்தில் காயம்பட்டால் மகளின் திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சினார். அந்த மகள்தான் ஆறு முறை உலகப் பட்டம் வென்றார். பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 2012-இல் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

முடிவுரை

அன்புள்ள பெற்றோர்களே! நாங்கள் குத்துச்சண்டை கற்க வேண்டும் என்று இங்கே வாதாடவில்லை. எந்த விளையாட்டுக்கு எங்களை அனுப்புவது என்பதைத் திரைப்படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம் என்றே கேட்கிறோம். பயிற்சியாளர் நல்லவரா, ஒரே எடையுள்ளவர்களோடு மோதவிடுகிறாரா, போட்டி நடக்கும் இடத்தில் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தோழியரே, நாமும் சண்டைக் காட்சியைக் கண்டு கைதட்டும்போது, அந்த அடி உண்மையானால் ஒருவர் என்ன ஆவார் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். தீர விசாரிப்பதே மெய்!